வேணும் என்ற ஒரே சொல்: 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டின் கதை

"நீ எனக்கு வேணும்" என்று தமிழில் சொன்னால் அதில் ஆசையும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. எது எவ்வளவு என்பதைச் சொல்கிறவர் குரலை வைத்துக் கேட்கிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வினைச்சொற்கள்: ஆசைக்கு 'வான்ட்', தேவைக்கு 'நீட்'. 1968-ல் ஜிம்மி வெப் என்ற 21 வயது இளைஞர் அந்த இரண்டு சொற்களையும் ஒரே வரியில் அருகருகே நிறுத்தி, ஒன்றைவிட இன்னொன்று பெரியது என்று எழுதினார். க்ளென் கேம்பல் அதைப் பாடினார். அந்த ஒரு வரிக்காகவே 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டைத் தங்களுக்குப் பிடித்த காதல் பாட்டுகளில் முதலாவதாக வைக்கிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். தமிழில் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தால் சுற்றி வளைத்துத்தான் வருகிறது: உன் மேல் ஆசை இருக்கிறது, ஆனால் அதைவிட, நீ இல்லாமல் எனக்கு ஆகாது என்பதுதான் அதிகம், அந்த ஆசையும் இன்றைக்கு நாளைக்கு என்றில்லை, காலம் பூராவும்.

இதைச் சொல்கிறவன் கம்பம் ஏறி லைன் பார்க்கிற ஒரு லைன்மேன். இந்தச் சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போனால் வருகிறவர், ஏணியைச் சாய்த்து, இடுப்பில் கயிறோடு மேலே ஏறி, கீழே நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறவர். அவர் மேலே இருக்கும்போது என்ன நினைக்கிறார் என்று நாம் யோசித்திருக்க மாட்டோம். வெப் யோசித்தார். பாட்டு அங்கேதான் பிறந்தது.

இடம் ஒக்லஹோமா. அமெரிக்காவின் நடுவில், பார்க்கிற பக்கமெல்லாம் தட்டையாகக் கிடக்கிற சமவெளி, கோதுமை வயல், அதன் நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு ரோடு. வெப் பிறந்து வளர்ந்தது அந்த மாநிலத்தில்தான். வாஷிட்டா கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பக்கமாக ஒருநாள் காரில் போய்க்கொண்டிருந்தபோது, ரோட்டோரம் தொலைபேசிக் கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எண்ணி மாளாத அளவுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. அந்த மாதிரி ரோட்டில் வண்டி ஓட்டினால் ஒரு கட்டத்துக்கு மேல் கண் கம்பங்களைப் பார்ப்பதையே விட்டுவிடும். அப்போது தூரத்தில் ஒரு கம்பத்தின் மேல் மட்டும் ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறது. பக்கத்தில் வர வர அது ஒரு மனித உருவம். லைனில் மாட்டிப் பேசிப் பார்க்கிற சின்ன ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பின்னால் வைத்து வரைந்த மாதிரி ஒருத்தன். வண்டி கடந்து போய்விட்டது, கண்ணாடியில் அந்த உருவம் சின்னதாகி மறைந்துவிட்டது, அவ்வளவுதான் சம்பவம். ஆனால் அவன் அந்த ரிசீவரில் யாரோடு பேசிக்கொண்டிருந்தான் என்ற கேள்வி வெப்பை விடவில்லை.

வாஷிட்டா எப்படி விச்சிட்டா ஆனது என்றால், வாய்க்கு வசதியாக இருந்தது, பாடுவதற்கு நன்றாக இருந்தது என்பதுதான் காரணம். விச்சிட்டா பக்கத்து மாநிலமான கான்சஸில் இருக்கிற நகரம். பாட்டுக்காரர்களுக்கு இந்த உரிமை எல்லா மொழியிலும் உண்டு.

கம்பிகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்டின் முதல் சரணமே அதை நம்பித்தான் நிற்கிறது. கம்பிக்குள்ளிருந்து நீ பாடுவது எனக்குக் கேட்கிறது என்கிறான் லைன்மேன், அந்த ரீங்காரத்தையும் தாண்டி உன் குரல் கேட்கிறது என்கிறான். இது கற்பனை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சின்ன வயதில் ரயில்பாதை ஓரத்துத் தந்திக் கம்பத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். வெயிலில் கம்பம் கன்னத்தைச் சுடும், ஆனாலும் காதை எடுக்க மனசு வராது, உள்ளே 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். யாரோ பேசுவதுதான் அப்படிக் கேட்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். உண்மையில் அது காற்று செய்கிற வேலை. இழுத்துக் கட்டிய கம்பியைக் காற்று கடக்கும்போது கம்பிக்குப் பின்னால் சின்னச் சின்னச் சுழல்கள் மேலும் கீழுமாக மாறி மாறி உருவாகிக் கழன்றுபோகும், ஒவ்வொரு சுழலும் கம்பியை ஒரு தட்டு தட்டும். காற்று எவ்வளவு வேகமோ, கம்பி எவ்வளவு மெல்லியதோ, சத்தம் அவ்வளவு மேலே போகும். கம்பி 3 மில்லிமீட்டர் தடிமன், காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வுகள் வரும். அது ஒரு பெண் நிதானமாகப் பாடுகிற குரலின் எல்லைக்குள் இருக்கிற ஓசை! சமவெளியில் மணிக்கணக்கில் தனியாக நிற்கிற ஒருத்தனுக்கு அது அவன் நினைத்துக்கொண்டிருக்கிற பெண்ணின் குரலாகக் கேட்டால் அதில் என்ன ஆச்சரியம்.

சரி, பாட்டு எப்படி எழுதப்பட்டது என்ற கதைக்கு வருவோம். அதற்கு 1961-க்குப் போக வேண்டும். வெப் அப்போது ஒக்லஹோமாவில் இருந்த பள்ளிக்கூடப் பையன். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர், அதனால் பையனுக்குச் சின்ன வயதிலேயே தேவாலயத்தில் பியானோவும் ஆர்கனும் வாசிக்கிற பழக்கம். அந்த வருடம் 'டர்ன் அரவுண்ட், லுக் அட் மீ' என்ற பாட்டைக் கேட்டு, காசு சேர்த்து அந்த ரெக்கார்டை வாங்குகிறான். அவன் வாங்கிய முதல் ரெக்கார்டு அதுதான். பாடியவர் க்ளென் கேம்பல், அப்போது அவ்வளவாக யாருக்கும் தெரியாதவர். வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டே, கடவுளே, ஒருநாள் இவருக்கு நான் ஒரு பாட்டு எழுத வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாக வெப் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். 1964-ல் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. கொஞ்ச காலத்தில் அம்மா இறந்துபோனார், அப்பா ஊருக்கே திரும்ப முடிவு செய்தார், பையன் மட்டும் பாட்டெழுதப் போகிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டான். இந்தப் பாட்டு வேலை உன் மனசை உடைத்துவிடும் என்று சொல்லி, கையில் இருந்த 40 டாலரைக் கொடுத்துவிட்டுப் போனாராம் அப்பா.

கேம்பலின் கதை இன்னும் கீழே இருந்து தொடங்குகிறது. 1936-ல் ஆர்கன்சா மாநிலத்தில் டிலைட் என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தவர், 12 பிள்ளைகளில் ஒருவர், ஏழாவது மகன். குத்தகை நிலத்தில் பருத்தியும் சோளமும் விளைவித்துப் பிழைத்த குடும்பம். வீட்டில் கரண்ட் கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அதில் விசேஷம் ஒன்றுமில்லை, 1930-களின் நடுவில் அமெரிக்காவின் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது, 1936-ல் கிராமப்புற மின்மயச் சட்டம் வந்த பிறகுதான் கம்பங்கள் ஊருக்கு ஊர் நடப்பட்டன. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். விளக்கில்லாத வீட்டில் வளர்ந்த பையன்தான் பின்னால் லைன்மேன் பாட்டைப் பாடுகிறான், கம்பமும் கம்பியும் அவனுக்கு வெறும் உவமை கிடையாது.

நாலு வயதில் கிடார் பிடித்தவர், இசைக் குறிப்பை வாசிக்கத் தெரியாமலேயே லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோக்களில் எல்லோரும் தேடுகிற கிடார்க்காரர் ஆனார். ரெக்கிங் க்ரூ என்று பிற்பாடு பெயர் வாங்கிய அந்த ஸ்டூடியோ வாத்தியக் குழுவில் அவரும் ஒருவர். பீச் பாய்ஸிலிருந்து ஃப்ராங்க் சினாட்ரா வரை மற்றவர்களின் ஹிட் பாட்டுகளில் அவர் கிடார் இருக்கிறது. பெயர் மட்டும் வெளியே தெரியாது. 1967-ல் 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' பாட்டுதான் அவரைப் பாடகராக நிறுத்தியது. அதை எழுதியவர், டிராக்டரில் வேண்டிக்கொண்ட அதே பையன்.

இருவரும் நேரில் சந்தித்தது ஒரு கார் விளம்பரத்துக்கான இசைப்பதிவில். வெப்புக்குத் தோள் வரை முடி, ஹிப்பி உடை. கேம்பல் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "முடியை எப்ப வெட்டப்போற?" பத்து வயது வித்தியாசம், அரசியலில் எதிரெதிர்ப் பக்கம், பழக்கவழக்கத்தில் ஒன்றும் ஒத்துப்போகாது. ஆனால் ஒருவர் எழுதினால் மற்றவர் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும், கடைசி வரை அப்படியேதான் இருந்தது.

ஃபீனிக்ஸ் ஹிட்டான பிறகு 1968-ல் கேம்பல் ஸ்டூடியோவிலிருந்து வெப்புக்கு ஃபோன் பண்ணுகிறார். இன்னொரு ஊர்ப் பாட்டு வேண்டும், ஏதாவது ஒரு ஊர்ப் பெயர் வைத்து எழுதித் தர முடியுமா என்று கேட்கிறார். ஊர்ப் பாட்டு எழுதி வெப்புக்கு அலுத்திருந்தது, சரி, ஊர் இல்லாவிட்டால் ஒரு இடமாவது வருகிற மாதிரி இருக்கட்டும் என்று பேச்சு முடிகிறது. வெப் அப்போது இருந்தது ஹாலிவுட்டில், ஒருகாலத்தில் பிலிப்பைன்ஸ் தூதரக அலுவலகமாக இருந்த பெரிய வீட்டில். நண்பர்கள் விளையாட்டாக அவருடைய பியானோவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பச்சைப் பியானோ முன்னால் உட்கார்ந்துதான், வாஷிட்டா ரோட்டில் பார்த்த அந்த உருவத்தை மறுபடி மனசுக்குள் கொண்டுவந்து, இரண்டு சரணத்தை எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்டூடியோவிலிருந்து முடிந்ததா முடிந்ததா என்று ஃபோன் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம், இது முடியவில்லை, மூன்றாவது சரணம் இன்னும் எழுதவில்லை என்று சொல்லியே கொடுத்தனுப்பினார். பிடித்திருந்தால் சொல்லுங்கள், மீதியை எழுதித் தருகிறேன் என்பது அவர் எண்ணம்.

பதில் எதுவும் வரவில்லை. வாரங்கள் போயின. பாட்டு அவர்களுக்குப் பிடிக்கவில்லை போல என்று வெப் நினைத்துக்கொண்டார். பிறகு கேம்பலை எங்கேயோ பார்த்தபோது, அந்தப் பாட்டு ஒத்துவரவில்லை அல்லவா என்று கேட்க, "அதை அப்பவே ரெக்கார்ட் பண்ணியாச்சே" என்கிறார் கேம்பல். "அது முடியவே இல்லையே!" என்று இவர் பதற, "இப்ப முடிஞ்சிடுச்சு" என்று பதில் வருகிறது.

அந்த இல்லாத மூன்றாவது சரணத்தின் இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஸ்டூடியோவில் அன்றைக்கு பேஸ், அதாவது கீழ்ஸ்தாயியில் பேசுகிற கிடார், வாசித்தவர் கேரல் கே. ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த அந்தக் குழுவில் தன் வாசிப்பால் இடம் பிடித்த பெண், பாட்டின் தொடக்கத்தில் மேலிருந்து இறங்கி வருகிற அந்த பேஸ் துணுக்கு அவருடையது. அவரிடம் டேன்எலெக்ட்ரோ என்ற ஆறு கம்பி பேஸ் கிடார் ஒன்று இருந்தது. சாதாரண பேஸில் நாலு கம்பிதான், இதில் கிடார் போலவே ஆறு, ஆனால் கிடாரைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசும். கேம்பல் அதை வாங்கி, சரணம் இருக்க வேண்டிய இடத்தில் தனியாக வாசித்தார். அவர் விரல் வேகத்துக்கு அங்கே எத்தனையோ வித்தை காட்டியிருக்கலாம், நாட்டின் சிறந்த ஸ்டூடியோ கிடார்க்காரர்களில் ஒருவர். ஆனால் அவர் வாசித்தது பாட்டின் மெட்டை மட்டும். அடக்கமாக, ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் நடுங்க விட்டு, பாடிக்கொண்டிருந்தவன் தொண்டை அடைத்துச் சொல் வராமல் முனகுகிற மாதிரி. சொல்லக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஆனால் இவனால் அதைச் சொல்ல முடியாது என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது சரணம் எழுதியிருந்தால் அவளைப் பற்றிக் கூடுதலாக ஏதாவது சொல்லியிருப்பார்கள், ஏன் பிரிந்தார்கள், எங்கே இருக்கிறாள், திரும்பி வருவாளா என்று. இப்போது நமக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. அவன் பெயரும் தெரியாது.

நம் அகப்பாட்டு மரபில் இருக்கிற தலைவன் தலைவிக்கும் பெயர் கிடையாது. பொருள் தேடிப் போகிறவன் பாலை வழியில் நின்று அவளை நினைத்துத் தன் நெஞ்சோடு பேசுவான், வழியின் வெக்கையும் மரத்தின் வறட்சியும்தான் அவன் மனசைச் சொல்லும். ஒக்லஹோமாப் பையனுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் வேலைக்காகப் பிரிந்து வெற்றுவெளியில் நிற்கிறவன் எங்கே நின்றாலும் சுற்றியிருக்கிற நிலத்தைக் கொண்டுதான் தன்னைச் சொல்வான் போலிருக்கிறது.

நிலம் மட்டும் கிடையாது, வேலையும் கூட. இரண்டாவது சரணத்தைக் கவனித்துப் பாருங்கள். அவன் முதலில் சொல்வது காதலே கிடையாது, ஒரு சின்ன லீவு வேணும் என்பதுதான். ஆனால் மழை வருகிற மாதிரித் தெரியவில்லையே என்கிறான், வானம் கைகொடுத்தால்தான் அவனுக்கு ஓய்வு. அடுத்து, பனி விழுந்தால் தெற்குப் பக்கத்து லைன் எடை தாங்காது என்று கவலைப்படுகிறான். கம்பியில் பனி உறைந்து கனம் ஏறினால் அறுந்து விழும், அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பயம் அது. இப்படி இரண்டு வரி தொழில் பேசிவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த வரியில் நீ வேணும் என்கிறான். லீவுக்கு எந்த வினைச்சொல்லோ அவளுக்கும் அதே வினைச்சொல். தமிழில் சொன்னால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: ரெண்டு நாள் லீவு வேணும், நீ வேணும். ஓய்வில்லாத உடம்பு தூக்கத்தைக் கேட்கிற மாதிரி அவன் அவளைக் கேட்கிறான். எடை தாங்காது என்று சொன்னதும் கம்பியை மட்டும்தானா என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது, ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். சாதாரண மனிதன் ஒருவன் அசாதாரணமாக யோசிக்கிற எளிய பாட்டு என்று பாடகர் பில்லி ஜோயல் இதைப் பற்றிச் சொன்னார். நான் அதில் ஒன்றை மட்டும் சேர்ப்பேன், தான் அசாதாரணமாக யோசிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது, வெப்பும் அதை அவனிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு சரணமும் ஒரே மாதிரி முடியும்: விச்சிட்டா லைன்மேன் இன்னும் லைனில்தான் இருக்கிறான். இந்த வரியைத் தமிழில் விளக்கவே வேண்டாம், ஃபோனில் நாமே "லைன்ல இருங்க" என்றுதான் சொல்கிறோம். வேலையாக லைன் மேல் இருக்கிறான், அவள் குரல் கேட்கிற லைனை வைக்காமல் காத்திருக்கிறான், இரண்டும் ஒரே சொல்லில். அதுவரை 'நான்' 'நான்' என்று பேசிக்கொண்டு வந்தவன் இந்த வரியில் மட்டும் தன்னையே 'அவன்' என்று தூரத்தில் வைத்துச் சொல்கிறான். காரில் போகிறவன் கண்ணுக்குக் கம்பத்து உருவம் எப்படிச் சின்னதாகிப் போனதோ, அந்தப் பார்வைக்குப் பாட்டு திரும்பிவிடுகிறது.

இவ்வளவு நல்ல வரியிலும் வெப்புக்கு ஒரு குறை இருந்தது. காலத்தைச் சொல்கிற 'டைம்' என்று முடிகிற வரிக்கும் 'லைன்' என்று முடிகிற வரிக்கும் ஆங்கிலத்தில் சரியான இயைபு கிடையாது, ஒன்று மகரத்தில் முடிகிறது, இன்னொன்று னகரத்தில். தொழில் தெரிந்த பாட்டுக்காரர் ஒருவருக்கு அது கூச்சம். நம் யாப்பில் எதுகையில்கூட மெல்லினத்துக்கு மெல்லினம் வந்தால் ஏற்றுக்கொள்கிறோம், அதனால் தமிழ்க் காதுக்கு அது குறையாகவே தெரியாது. எனக்கு அந்த வரி சுத்தமாகப் பொருந்தாமல் இருப்பதே அவன் பேச்சு மாதிரி இருக்கிறது.

மெட்டிலும் இதே கதைதான். நம் காது எந்தப் பாட்டிலும் முதலில் 'சா' எங்கே என்று பார்த்துக்கொள்ளும், எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கே வந்து உட்கார்ந்தால்தான் நிம்மதி. இந்தப் பாட்டு எஃப் சுருதியில் தொடங்குகிறது, சரி இதுதான் வீடு என்று காது நம்புகிறது, ஆனால் சரணம் பாதி போவதற்குள் டி பக்கம் நழுவிவிடுகிறது, அங்கேயே முடிகிறது. அடுத்த சரணத்துக்கு மறுபடி பழைய இடத்தை நோக்கி நகரும், மறுபடி நழுவும். புறப்பட்ட வீட்டுக்கு வந்து இளைப்பாறவே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டியதில்லை. கேட்டு முடித்ததும் ஏன் ஏக்கமாக இருக்கிறது என்று தேடினால் இங்கேதான் கிடைக்கும்.

வாத்தியங்களை அமைத்தவர் தயாரிப்பாளர் ஆல் டி லோரி. வயலின்களை உச்சத்தில் மெல்லிய இழையாக நீட்டி, கம்பி ரீங்கரிக்கிற மாதிரி செய்தார், நடுநடுவே தந்தி அடிக்கிற மாதிரி விட்டுவிட்டு வருகிற ஒலியும் உண்டு. வெப்பின் வீட்டில் தேவாலயத்தில் வைக்கிற கல்பிரான்சன் ஆர்கன் ஒன்று இருந்தது. அதில் குமிழ் குமிழாக, எங்கேயோ வானத்திலிருந்து சிக்னல் வருகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் அந்தப் பெரிய வாத்தியத்தையே தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய், வெப்பையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். வாசித்தது சில சுரங்கள்தான். பாட்டின் கடைசியில் எல்லாம் தேய்ந்து மறையும்போது மினுக் மினுக்கென்று கேட்பது அதுதான். ஹெட்ஃபோனில், இரவில், வேறு சத்தம் இல்லாத நேரத்தில் அந்தக் கடைசி அரை நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராத ஒரு லைனில் இன்னும் சிக்னல் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

வெற்றியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968 கடைசியில் வெளிவந்த பாட்டு அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது, கன்ட்ரி என்கிற கிராமியப் பாணிப் பாட்டுகளின் பட்டியலில் முதலிடம், பிரிட்டனில் 7. பாட்டின் பெயரிலேயே வந்த ஆல்பமும் முதலிடம் பிடித்தது. ஒலிப்பதிவுக்கான கிராமி விருது ஜோ பொலிட்டோ, ஹ்யூ டேவிஸ் என்ற இரண்டு பொறியாளர்களுக்குக் கிடைத்தது, அந்த வயலின் இழையும் டேன்எலெக்ட்ரோவும் ஒன்றையொன்று மூடாமல் கேட்பது அவர்கள் கைவேலை. இது 1968 என்பதையும் மறக்கக் கூடாது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்ட வருடம், வியட்நாம் போர் உச்சத்தில், வீதியெல்லாம் போராட்டம், பாட்டு உலகமும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்த நேரம். அதன் நடுவில் மூன்று நிமிடம் சொச்சத்துக்கு ஒருத்தன் லீவையும் பனியையும் பற்றிப் பேசினான், முடி வளர்த்தவர்களும் வெட்டிக்கொண்டவர்களும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

வெப் 1996-ல் தன் பழைய பாட்டுகளைப் பியானோவோடு தானே பாடி ஓர் ஆல்பம் கொண்டுவந்தார், அதில் இதுவும் இருக்கிறது. குரலில் கேம்பலின் வழுவழுப்பு கிடையாது, கொஞ்சம் கரகரப்பு, ஆனால் அந்த ரோட்டில் கார் ஓட்டியவர் இவர்தான் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

2011-ல் கேம்பலுக்கு அல்சைமர் நோய் என்று அறிவித்தார்கள். அறிவித்த பிறகுதான் விடைபெறும் பயணம் என்று கிளம்பினார், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மேடைகள், கூடவே வாசிக்க அவருடைய பிள்ளைகள், மகள் ஆஷ்லி பக்கத்தில் நின்று பாஞ்சோ வாசிப்பார். ஊர்ப் பெயர் மறந்தது, ஆட்கள் பெயர் மறந்தது, பாட்டு வரிகளை எதிரே திரையில் ஓட விட்டார்கள். ஆனால் கிடார் கையில் இருக்கும்போது விரல்களுக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2012 நவம்பர் வரை மேடை ஏறினார், 2017 ஆகஸ்ட் 8 அன்று நாஷ்வில் நகரத்தில் இறந்தார். அந்தக் கடைசிப் பயணத்தின் காணொளிகளில் இந்தப் பாட்டு வரும்போது நான் காத்திருப்பது ஒரே ஒரு இடத்துக்கு. இரண்டாவது சரணம் முடிகிறது, நீ வேணும் என்கிறார், லைனில்தான் இருக்கிறான் என்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கிடாரைப் பார்க்கிறார். அங்கிருந்து அவர் வாசித்து முடிக்கிற வரை படிக்க வேண்டிய சொல் ஒன்றும் இல்லை, அந்த இடத்தைத்தான் வெப் எழுதாமல் விட்டிருந்தார்.